எவர்சில்வர் தட்டும் ஒன்பதாம் நம்பர் மலையும்

மலேசியா முழுவதிலும், ஒருவேளை ஆசியா முழுவதிலும்கூட, வழி தவறவே முடியாத ஒரே மனிதன் தான்தான் என்பதைக் குகனேஸ்வரன் தன் பதினோராவது வயதில் கண்டுபிடித்தான். இதில் அவனுக்குப் பெருமை எதுவும் இல்லை. சிலருக்குச் சுருட்டை முடி அமைகிறது, சிலருக்குக் குரல் அமைகிறது, அவனுக்கு இது அமைந்துவிட்டது. கம்போங் ராஜா என்ற ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மொத்தம் ஒன்பது மலைகள். மலைகளுக்கு நம்பர்தான் பெயர். கண்ணைக் கட்டி எந்த நம்பரில் கொண்டுபோய் விட்டாலும் கால் மணி நேரத்தில் வீடு வந்து சேர்வதாக அவன் அறிவித்திருந்தான். யாரும் கட்டிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது.

"ஜி.பி.எஸ்ஸே என்னைக் கேட்டுத்தான்லா வழி சொல்லணும்" என்று பள்ளி வேனில் சொல்லுவான். வேன் ஓட்டும் சலாஹுதீன் மாமா, "அப்ப நீயே வந்து ஓட்டுறியா? நான் பின்னாடி படுத்துக்கிறேன்" என்பார்.

இப்படி ஓர் ஒழுங்கோடு நடந்துகொண்டிருந்த எஸ்டேட்டுக்குப் பிப்ரவரி மாதம் சசிரேகா வந்து சேர்ந்தாள்.

தொழிற்சாலையில் தேயிலையை வாட்டி வறுத்துப் பதம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. வால்பாறையிலிருந்து வேலப்பன் என்று ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மனைவி அம்சவல்லியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளை அடுத்திருந்த தொழிற்சாலை குவாட்டர்ஸில் குடியேறினார். லைனின் கடைசி வீடு குகனேஸ்வரனுடையது. அவன் அப்பா செல்லையா எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர், அம்மா ஜெயா கொழுந்து வெட்டுகிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அதன்மேல் சௌசௌ கொடி. சசிரேகாவும் ஐந்தாம் வகுப்புத்தான்.

முதல் நாள் காலை ஆறேகாலுக்குக் குகனேஸ்வரன் பள்ளிக்கூடப் பையோடு வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுப் படியிலிருந்து டங், டங், டங் என்று ஒரு சத்தம் இறங்கி வந்தது. கூடவே ஒரு பெண். முதுகில் பை, இடது கையில் எவர்சில்வர் தட்டு, வலது கையில் கரண்டி.

"என்னாது இது?"

"தட்டு."

"தட்டுன்னு தெரியுதுலா. எதுக்கு அடிக்கிற?"

"நாம வர்றோம்னு சொல்றதுக்கு."

"யாருகிட்ட?"

"சிறுத்தைகிட்ட."

அவன் நாலு பக்கமும் பார்த்தான். தேயிலை, தேயிலை, ஜெயா காயப்போட்ட துணி, மறுபடி தேயிலை.

"எங்க எஸ்டேட்ல தட்டு இல்லாம எவனும் ஸ்கூலுக்குப் போகமாட்டான்" என்றாள் சசிரேகா. "சிறுத்தை இருக்கும், கரடி இருக்கும். யானை வந்துச்சுன்னா லீவு."

"தட்ட அடிச்சா சிறுத்தை பயந்து ஓடிருமா?"

"விரட்டறதுக்கு இல்லடா. அதுபாட்டுக்குப் படுத்திருக்கும், நீ பொசுக்குனு எதிர்ல போய் நின்னா அதுக்கும் பக்குன்னு இருக்கும்ல? இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போறப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுத்தானே போறோம்?"

குகனேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவளுக்கு ஓர் உண்மையை எடுத்துச் சொன்னான். "இது என் மலை. என்னைக் கேக்காம இங்க ஒரு அணில்கூட நடமாடாது."

போன மாதம்தான் அவன் வீட்டு மரவள்ளிக் கிழங்கைக் காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று அடியோடு தோண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதை அவன் சொல்லவில்லை. பேச்சுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்.

அன்றைக்கு அவளுக்கு இருபது அடி முன்னாலேயே நடந்து போனான். பாதை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பெரிய வளைவில் திரும்பி, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் முடிகிறது. நடந்தால் இருபது நிமிடம். நேராக ஒரு கல்லை உருட்டிவிட்டால் குவாட்டர்ஸ் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் கூரையிலேயே போய் விழும். அவ்வளவு நேர் கீழே. ஆகவே தட்டுச் சத்தம் வழி நெடுக மலைக்கே கேட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஆறாம் வகுப்பு ரூபினி, "என்னாடா அது?" என்று கேட்டாள்.

"ஐஸ்கிரீம் மோட்டார்" என்றான் குகனேஸ்வரன்.

மணியடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்க வரும் ஆள் லைனுக்கு வாரம் ஒருமுறை வருவார். பெயர் அந்த நிமிடமே ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டதுமே பஸ் ஸ்டாப்பில் கூச்சல் கிளம்பியது. சலாஹுதீன் மாமாகூட வேன் ஜன்னலில் தலையை நீட்டி, "எனக்கு ரெண்டு வெண்ணிலா" என்றார். சசிரேகா அசரவில்லை. "கோன் தீந்துருச்சு மாமா, கப்புதான் இருக்கு" என்று தட்டை நீட்டினாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியோடு எத்தனை நாள் விரோதமாக இருக்க முடியும்? இரண்டே வாரத்தில் இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். மாலையில் மட்டும். மாலையில் அவள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து அவனுக்குப் பின்னக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அவன் அவளுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தான், பாதி சரியாக. உரம் வந்த மரச் சட்டத்துக்கு அடியில் நாலு சக்கரம் வைத்து இருவரும் சரிவில் உருண்டு, ஜெயாவின் ஏழு கத்தரிச் செடிகளை ஒழித்தார்கள். காலை நொண்டிக்கொண்டு திரிந்த ஒரு கோழிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்தது. ஆனால் விடிந்ததும் குகனேஸ்வரன் இருபது அடி முன்னால். சிநேகம் சிநேகம்தான். தட்டு தட்டுதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை, சசிரேகா வேலியில் சௌசௌக் காய் பறித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஜூன்ல போனாலும் போயிருவேன்."

"எங்க?"

"வால்பாறைக்கு. எங்க மாமா வீட்டுக்கு. அங்க ஜூன்ல ஸ்கூல் திறக்குது. அம்மாவுக்கு இந்த இடம் பிடிபடல. மே மாசம் முடியற வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள ஒரே ஒரு நாள் எனக்கு என்ன ஆச்சோன்னு அவங்க பயந்துட்டாலும், கொண்டுபோய் விட்டுருவாங்களாம். அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க."

"உனக்குப் போகணுமா?"

அவள் யோசித்தாள். "மாமா வீட்டு டிவி பெருசு." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்."

குகனேஸ்வரனுக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. பின்னக் கணக்கை நினைத்துத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டான். "பயப்படறதுக்கு என்னா இருக்கு? நான்தான் இருக்கேன்ல" என்றான்.

மறுநாள் காலை இருபது அடி முன்னால் இருந்தான்.

மே மாதம் இரண்டாவது வாரம். அன்றைக்கு மூடுபனி இறங்கியிருந்தது. தொட்டியருகே வந்தபோது குகனேஸ்வரன் நின்றான். பஸ் ஸ்டாப்பில் முந்தின நாள் ரூபினி ஒரு புது வசனம் விட்டிருந்தாள்: "ஐஸ்கிரீம் மோட்டாருக்கு முன்னாடி ஓடுற நீ யாரு, ஹாரனா?" அது இரவெல்லாம் அவனைக் குடைந்திருந்தது.

"சசி, இங்க பாரு. தட்டு வேணுமா, நான் வேணுமா?"

"என்னது?"

"தட்ட இங்கயே வெச்சிட்டு வா. கூடவே நடக்கிறேன். குறுக்கு வழி காட்டறேன். ஒன்பதாம் நம்பர் வழியா ஏழே நிமிசம். இந்த வழி எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாருக்கும் காட்டுனதில்ல."

சசிரேகா தட்டைப் பார்த்தாள். வீடு இருந்த பக்கம் பார்த்தாள், வெள்ளையாக இருந்தது. தட்டில் ஒருமுறை ஓங்கி அடித்தாள். அதைக் கரண்டியோடு தொட்டிக் குழாய்க்கு அடியில் வைத்தாள். "எங்கம்மா..." என்று ஆரம்பித்தாள்.

அவன் அதற்குள் தேயிலைக்குள் இறங்கிவிட்டிருந்தான்.

தேயிலை மலை தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும். வரிவரியாக, தலை வாரிவிட்டாற்போல. உள்ளே நிற்கிறவனுக்கு எல்லா வரியும் ஒரே வரி. மூடுபனியில் அந்த ஒரு வரியிலும் பத்தடிதான் தெரியும். குகனேஸ்வரன் மேலே ஏறி, இடது பக்கம் திரும்பி, கீழே இறங்கி, மறுபடி இடது பக்கம் திரும்பினான். ஒரு செடியில் வெள்ளை உரச்சாக்கு ஒன்று மாட்டியிருந்தது.

"இந்தச் சாக்குதான் அடையாளம்" என்றான். "இங்கேருந்து நேரா ரோடு."

பத்து நிமிடம் நடந்தார்கள். ஒரு செடியில் வெள்ளை உரச்சாக்கு ஒன்று மாட்டியிருந்தது.

"அதே சாக்கு" என்றாள் சசிரேகா.

"இது வேற சாக்கு."

இன்னும் பத்து நிமிடம்.

"இதுவும் வேற சாக்கா?"

"எஸ்டேட்ல ஆயிரம் சாக்கு இருக்கும்லா."

"இதுல ஓட்டை அதே இடத்துல இருக்கு."

"ஒரே கம்பெனி சாக்கு. ஓட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

சாக்கை நாலாவது முறை சந்தித்தபோது குகனேஸ்வரன் விளக்கம் எதுவும் தரவில்லை. கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. வேன் போயிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. தன் மலை தன்னை அடையாளம் தெரியாததுபோல நடந்துகொள்கிறது என்பது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பக்கத்துப் புதரில் ஏதோ சலசலத்தது. அவன் சசிரேகாவின் பைப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். அவள் பயந்துவிடக் கூடாதே என்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தட்டைவிடக் கனமான, பெரிய சத்தம். டொங். டொங். டொங். நிற்காமல்.

"அம்மா" என்றாள் சசிரேகா. "ஐயோ, அம்மா பயந்துட்டாங்க."

"எதுக்கு?"

"தட்டு கேக்கலல்ல? சிறுத்தைக்கு மட்டுந்தான்னு நெனச்சியா? அம்மாவுக்கும்தான்டா. தொட்டிகிட்ட ஒண்ணு, பெரிய வளைவுல ரெண்டு, பஸ் ஸ்டாப்ல மூணு. தனியா ஓங்கி அடிப்பேன். வாசல்ல நின்னு எண்ணிட்டே இருப்பாங்க. மூணு கேட்டாத்தான் உள்ள போய் அடுப்பையே பத்த வெப்பாங்க. இன்னிக்கு ஒண்ணோட நின்னுருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ போயிட்ட."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே நிமிடம். தேயிலை முடிந்து, ஒரு வேலி வந்து, வேலிக்குள் மேனேஜர் ஒற்றைக் காலில் நின்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. குகனேஸ்வரனின் வீட்டுக் கோழிக் கூண்டு. ஒரு மணி நேரமாக அவர்கள் சுற்றிக்கொண்டிருந்தது அவன் வீட்டுக் கொல்லையை.

அம்சவல்லி இட்லிக் குண்டான் மூடியும் கரண்டியுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். முழங்கால்வரை சேறு. பெரிய வளைவுவரை இரண்டு முறை ஓடிப் போய் வந்திருக்கிறாள். மகளைப் பார்த்ததும் மூடியைக் கீழே வைத்தாள். தலையைத் தொட்டாள், கையைத் தொட்டாள். பிறகு குகனேஸ்வரனைப் பார்த்தாள்.

"சாப்ட்டியா சாமி?" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அந்தக் குறையைத் தீர்க்க, சத்தம் கேட்டுக் கொழுந்து வெட்டும் கத்தரியோடு மலையிலிருந்து ஓடி வந்த ஜெயா இருந்தாள். "ஜி.பி.எஸ்ஸாம் ஜி.பி.எஸ்ஸு! கொல்லைக்குப் போக வழி தெரியலலா உனக்கு! அடுத்த வீட்டுப் புள்ளையையும் இழுத்துக்கிட்டு! வரட்டும் உங்கப்பா!"

அன்று மாலை குகனேஸ்வரன் சௌசௌ கொடிக்கு இந்தப் பக்கம் மேனேஜருக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அம்சவல்லி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, புள்ளைய ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன். டிக்கெட்டு பாத்து வைங்க."

உள்ளேயிருந்து வேலப்பன் மெதுவாக ஏதோ சொன்னார்.

"காடுன்னா எனக்குப் பயமில்லைங்க. அங்கயும் காடுதானே இருந்துச்சு? ஆனா அங்க சத்தம் நின்னா ஊரே திரும்பிப் பாக்கும். இங்க நின்னா எனக்கு மட்டுந்தானே தெரியுது? நான் ஒருத்தியா என்னத்தப் பண்றது?"

குகனேஸ்வரன் கையில் இருந்த தீனி முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டான். மேனேஜருக்கு நல்ல நாள்.

சசிரேகா வேலியருகே வந்தாள். கண் சிவந்திருந்தது. அவன் ஒரு முழு விளக்கம் தயாரித்து வைத்திருந்தான். அதில் அவன் தவிர எல்லாரும் குற்றவாளிகள்.

"அந்தப் பனி இருக்குல்ல..."

"ம்."

"சாக்கு வேற..."

"ம்."

விளக்கம் தீர்ந்துவிட்டது. அவன் எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தான். குழாய்க்கு அடியில் தட்டு கிடந்தது, நிறையத் தண்ணீரும் நடுவே ஒரு நத்தையுமாக. நத்தையைச் செடியில் விட்டான். தட்டைச் சட்டையில் துடைத்தான்.

மறுநாள் அம்சவல்லி மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப்பில் ரூபினி தலையில் கட்டியிருந்த ரிப்பன்கூடத் தெரியும். யாருக்கும் எதையும் அறிவிக்க அவசியமே இல்லாத காலை. ஆறேகாலுக்குக் குகனேஸ்வரன் வெளியே வந்தான். பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. இறங்கி நடந்தான்.

டங், டங், டங்.

தொட்டியில் ஓங்கி ஒன்று. பெரிய வளைவில் ஒன்று. பஸ் ஸ்டாப் நெருங்கியபோது கூச்சல் கிளம்பி, ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது.

"ஐஸ்கிரீம் மோட்டாருக்கு டிரைவர் மாறிட்டாரா?" என்றாள் ரூபினி.

"இன்னிக்கி என்னா ஃப்ளேவருலா?" என்றார் சலாஹுதீன் மாமா.

அவனிடம் இதற்கெல்லாம் பதில் இருந்தது. எதற்கும் அவனிடம் பதில் இல்லாமல் போனதே கிடையாது. மலைப் பக்கம் திரும்பி நின்று மூன்று அடித்தான். தட்டைப் பைக்குள் வைத்தான். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் மேலே நடந்ததைச் சசிரேகா பிறகு சொன்னாள். அம்சவல்லி சட்டென்று வாசலுக்கு ஓடியிருக்கிறாள். "நீ வீட்லதானே இருக்கே? அப்ப யாரு அது?" என்று மகளைக் கேட்டிருக்கிறாள். "குகன்மா." "அவன் எதுக்கு அடிக்கிறான்?" "உங்களுக்குத்தான்." அம்சவல்லி மூன்று கேட்கும்வரை வாசலிலேயே நின்றாளாம்.

அடுத்த நாள் பனி. அதற்கடுத்த நாள் மழை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அடித்தான். அன்று மாலை சௌசௌ கொடிக்கு அந்தப் பக்கம் போன் பேச்சு மறுபடி கேட்டது. குகனேஸ்வரன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான். மேனேஜரும் குனிந்தது.

"அண்ணே, அந்த டிக்கெட்டு இப்ப வேணாம்... இல்லண்ணே, இருக்கட்டும். இங்கயே படிக்கட்டும்... ஆமா, பக்கத்து வீட்டுப் பையன். அடிக்கிறது சுமாராத்தான் அடிக்கிறான், வளைவுல ஒண்ணு கொறையுது. ஆனா விடாம அடிக்கிறான்."

நாலாவது நாள் காலை ஆறேகாலுக்கு அவன் படியிறங்கியபோது பக்கத்துப் படியிலும் செருப்புச் சத்தம் இறங்கியது. அவன் வேகத்தைக் கூட்டவில்லை. அவள் வந்து சேர்ந்துகொண்டாள். மூடுபனி பத்தடிக்கு மேல் எதையும் காட்டவில்லை.

"குடு" என்று கை நீட்டினாள்.

கொடுக்கவில்லை. தொட்டியருகே ஓங்கி ஒன்று அடித்தான். பெரிய வளைவில் ஒன்று.

"வளைவுல ரெண்டுடா."

இன்னொன்றும் அடித்தான்.

அங்கிருந்து பஸ் ஸ்டாப்வரை அம்சவல்லிக்குக் கணக்கு எதுவும் கிடையாது. சசிரேகா யானை லீவு விட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் கேட்டுக்கொண்டே, அடிக்க மறந்து நடந்தான். ஓரிடத்தில் பாதையை ஒட்டிய தேயிலைக்குள் ஏதோ சின்னதாக அசைந்தது. அணிலாகத்தான் இருக்கும்.

குகனேஸ்வரன் நின்றான். சசிரேகா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். பிறகு, இன்னொருத்தர் வீட்டு வாசலில் நிற்கிறவன்போல, கரண்டி முனையால் தட்டில் மெதுவாக இரண்டு தட்டினான்.